கல்கலுக்கும் கேக்குக்கும் கையால் ஒரு பெட்டி: முழுமையான வழிகாட்டி

கிறிஸ்துமஸுக்கு, மாவைச் சுருட்டிப் பொரித்துச் சர்க்கரை பூசும் கல்கலைச் சுட்டு இறக்கிய பிறகுதான் பெரும்பாலான வீடுகளில் பெட்டியைப் பற்றிய யோசனையே வரும். அப்புறம் தீபாவளிக்கு வந்த ஸ்வீட் கடைப் பெட்டியைத் தேடுவார்கள். அது இல்லையென்றால் பிளாஸ்டிக் டப்பா, அதுவும் இல்லையென்றால் எவர்சில்வர் தட்டின் மேல் ஒரு துணி. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலும் பல வருடம் இதுதான் நடந்தது. தட்டில் கொடுப்பதில் ஓர் அழகு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தட்டை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது ஊர் வழக்கம். டிசம்பர் 25 காலையில் பக்கத்து வீட்டு அத்தை அடுப்பை அணைத்துவிட்டு, கொஞ்சம் சர்க்கரையாவது போட்டு அனுப்ப ஓடுவார்கள். பெட்டியாகக் கொடுத்தால் அந்தப் பரபரப்பு இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருடமாக நானே பெட்டி செய்துதான் கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்று உறுதியாகச் சொல்வேன்: பெட்டியின் அழகு இரண்டாவது. உள்ளே இருப்பது உடையாமல், நமத்துப் போகாமல், எண்ணெய் வெளியே கசியாமல் போய்ச் சேர வேண்டும். இதை நினைவில் வைத்து அளவெடுத்தால் அழகு பெரும்பாலும் தானாகவே வந்துவிடும்.

முதலில் பலகாரத்தை அளங்கள்

ஸ்கேலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போங்கள். போன வருடம் பயன்படுத்திய அதே அச்சு, அதே கேக் தட்டுதானே இந்த வருடமும். எங்கள் வீட்டு அச்சு முறுக்கு 8 செ.மீ. அகலம். முந்திரிக்கொத்து மாவில் முக்கிப் பொரித்தபின் 4 செ.மீ. பிளம் கேக்கை நான் 5 × 5 செ.மீ. துண்டாக வெட்டுவேன், உயரம் 3 செ.மீ. வரும். கல்கலுக்கு அளவு கிடையாது, குவிகிற பண்டம். அதற்கு ஒரு கிண்ணத்தில் போட்டுப் பார்த்தால் போதும்.

இந்த எண்களிலிருந்து இரண்டு பெட்டி பிறக்கிறது. அச்சு முறுக்குக்கு மட்டும் 9 × 9 செ.மீ. அடிப்பரப்பு, 6 செ.மீ. உயரம். மற்றதெல்லாம் கலந்து கொடுக்க 12 × 12 செ.மீ., அதே 6 செ.மீ. உயரம், உள்ளே நான்கு அறை. அச்சு முறுக்கைக் கலவைப் பெட்டியில் வைக்காதீர்கள். முந்திரிக்கொத்து கல் மாதிரி, அச்சு முறுக்கு பூ மாதிரி. இரண்டும் ஒரே பெட்டியில் பஸ் ஏறினால் இறங்கும்போது ஒரு பக்கம் தூள்தான் இருக்கும்.

பலகாரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் அரை செ.மீ. இடைவெளி விடுங்கள். அதற்கு மேல் விட்டால் ஆடும், ஆடினால் உடையும்.

எந்த அட்டை

கடையில் கேட்கவேண்டிய சொல் ஜி.எஸ்.எம். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 வரை இருக்கும். மூடியுள்ள பெட்டிக்கு 250 முதல் 300 வேண்டும். ஐவரி கார்டு என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பசையில்லாமல் மடிக்கும் சிறு பெட்டிக்கு அது ஆகாது. 100 முதல் 120 போதும், அதற்கு மேல் போனால் மூலை மடிப்பு வீங்கிக்கொண்டு நிற்கும்.

வீட்டில் கிடக்கும் அட்டை எத்தனை ஜி.எஸ்.எம். என்று தெரியவில்லையா? 16 ஏ4 தாள்கள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே நான்கு ஏ4 தாளை சமையலறைத் தராசில் நிறுத்து, வருகிற எடையை நான்கால் பெருக்குங்கள். நான்கு தாளும் சேர்ந்து 70 கிராம் என்றால் 280 ஜி.எஸ்.எம். தராசு இல்லாத காலத்தில் நான் விரலால் தடவிப் பார்த்து வாங்கி இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன்.

காசு கொடுத்து வாங்காத நல்ல அட்டை நம் எல்லார் வீட்டு அலமாரியிலும் ஒரு கட்டு இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை. சிவகாசியில் அச்சாகி வரும் அந்த அட்டைகளில் சில, கடையில் விற்கும் அட்டையைவிட உசத்தி. வெல்வெட் மாதிரி மேற்பரப்பு, பொன் ஓரம், மேடாக எழும்பிய பூ வேலை எல்லாம் இருக்கும். மூடிக்கு அதைவிட நல்லது கிடையாது. சாமி படம் உள்ள பக்கத்தையும் பெயர் அச்சிட்ட உள்தாளையும் நான் வெட்டுவதில்லை, எடுத்து வைத்துவிடுவேன். மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் அந்த ஓரத்தைக் கழித்துவிடுங்கள்.

அடுத்தது தினசரி காலண்டரின் அட்டை. டிசம்பர் கடைசியில் தாள் எல்லாம் கிழிந்து அட்டை மட்டும் ஆணியில் தொங்கும். அந்தச் சாம்பல் நிற அட்டையில் 11.7 செ.மீ. சதுரம் வெட்டிப் பெட்டியின் அடியில் வைத்தால், அரை கிலோ முந்திரிக்கொத்து போட்டாலும் அடி தொய்யாது. மாதக் காலண்டரின் வழவழப்பான தாள் மூடியைச் சுற்றி ஒட்ட உதவும்.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் தொழிற்கூடம் இருக்கிறது. பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்யும் தாள் அது. அந்தப் பக்கம் போகிறவர்கள் நான்கு தாளாவது வாங்கி வாருங்கள். பூவிதழ் பதித்த தாள் ஒன்று மூடியில் இருந்தால் வேறு எந்த அலங்காரமும் தேவைப்படாது.

இங்கே ஒரு நுணுக்கம், பலரும் கவனிக்காதது. ஆலைத் தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அட்டையை இரண்டு கையாலும் பிடித்து, மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள்; ஒரு திசையில் சொன்னபடி கேட்கும், மறு திசையில் முறுக்கிக்கொள்ளும். எளிதாக வளைகிற திசையில் மடிப்பு நறுக்கென்று விழும். மற்ற திசையில் மேல்பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். சதுரப் பெட்டியில் இரண்டு மடிப்பு நாரோடு போகும், இரண்டு நாரைக் குறுக்கே வெட்டும். குறுக்கே போகிற இரண்டையும் இன்னொரு முறை அழுத்திக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கருவிகள்

ஸ்டீல் ஸ்கேல், நல்ல பிளேடு போட்ட கட்டர், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா, டபுள் சைடு டேப், கொஞ்சம் ஃபெவிகால், துணி காயப்போடும் கிளிப் எட்டு. வெட்டும்போது அடியில் பழைய காலண்டர் அட்டை. கோடு அழுத்தும்போது அடியில் நாலு தாள் செய்தித்தாள், அடியில் கொஞ்சம் மெத்து இருந்தால்தான் பள்ளம் விழும்.

ஸ்டேப்ளர் வேண்டாம். சாப்பிடும் பொருளுக்குப் பக்கத்தில் பின் இருக்கவே கூடாது, பெட்டியைத் திறப்பது பெரும்பாலும் குழந்தைகள்தான்.

பசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைதாவைக் காய்ச்சிப் பசை செய்வது நம் ஊரில் பழைய வழக்கம், நன்றாகவும் ஒட்டும். ஆனால் பூச்சி அரிக்காமல் இருக்க பைண்டிங் வேலை செய்கிறவர்கள் அதில் மயில்துத்தம் போடுவார்கள். மயில்துத்தம் விஷம். புத்தக அட்டைக்குச் சரி, பலகாரப் பெட்டிக்குக் கூடவே கூடாது. மயில்துத்தம் போடாமல் காய்ச்சினால் டிசம்பர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அதனால் மைதாப் பசையை இந்த வேலைக்கு விட்டுவிடுங்கள்.

மூடியுள்ள சதுரப் பெட்டி

கணக்கு எளிது. அடிப்பரப்பின் அகலத்தோடு உயரத்தை இரண்டு முறை கூட்டினால் வெட்டவேண்டிய சதுரத்தின் பக்கம் கிடைக்கும். 12 + 6 + 6 = 24 செ.மீ. மூடி சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும்: 12.3 + 3 + 3 = 18.3 செ.மீ. அந்த 3 மில்லிமீட்டர்தான் உயிர். 2 மில்லிமீட்டர் என்றால் மூடி இறுகும், 5 என்றால் தொளதொளக்கும். கல்யாணப் பத்திரிகை போலத் தடித்த அட்டையானால் 4 விடுங்கள்.

சார்ட் அளவில், அதாவது 22 × 28 அங்குலத்தில் அட்டை வாங்கினால் ஏறத்தாழ 56 × 71 செ.மீ. இருக்கும். நீளவாக்கில் 48 செ.மீ. அளந்து வெட்டிவிடுங்கள். அந்தத் துண்டில் 24 செ.மீ. சதுரம் நான்கு கிடைக்கும், பக்கத்தில் 8 செ.மீ. பட்டை ஒன்று மிஞ்சும். மீதி 23 செ.மீ. துண்டில் மூன்று மூடி. மிஞ்சிய பட்டையை எறிய வேண்டாம், உள்ளறைத் தடுப்பு அதில்தான் வரப்போகிறது.

அச்சு முறுக்குப் பெட்டிக்கு ஏ4 அளவு அட்டையே போதும். 9 + 6 + 6 = 21; ஏ4 அட்டையின் அகலமும் 21 செ.மீ. தான். மூடி 9.3 + 2.5 + 2.5 = 14.3 செ.மீ., ஒரு ஏ4 அட்டையில் இரண்டு மூடி வெட்டலாம். ஆக மூன்று அட்டையில் இரண்டு பெட்டி.

இனி செய்முறை. 24 செ.மீ. சதுரத்தை வைத்துச் சொல்கிறேன், மூடிக்கும் இதேதான்.

1. அட்டையின் நல்ல பக்கம் மேலே இருக்கட்டும். நான்கு ஓரங்களிலும், இரண்டு முனையிலிருந்தும் 6 செ.மீ. தள்ளிப் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். மொத்தம் எட்டுப் புள்ளி. முழுக் கோடு வரைய வேண்டாம், அழித்தாலும் தடம் தெரியும்.

2. எதிரெதிர்ப் புள்ளிகளை ஸ்கேலால் இணைத்து, மை தீர்ந்த பேனாவால் இரண்டு முறை இழுங்கள். முதல் முறை மெதுவாக, இரண்டாவது அழுத்தி. நான்கு கோடு விழும்.

3. பள்ளம் வெளிப்பக்கமாகவும், பின்னால் எழும்பிய மேடு பெட்டியின் உள்பக்கமாகவும் வரும்படி மடியுங்கள். பள்ளம் இருக்கிற பக்கம்தான் மடிக்கவேண்டும் என்று தோன்றும். அட்டை வெடிக்காமல் மடிவது இப்படித்தான். மடித்தபின் ஸ்பூனின் முதுகால் ஒருமுறை தேய்த்து, பிரித்துவிடுங்கள்.

4. இப்போது நான்கு மூலையிலும் 6 செ.மீ. சிறு சதுரம் தெரியும். இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் இரண்டு என நான்கு வெட்டு. ஒவ்வொரு மூலைச் சதுரத்திலும் ஒரே ஒரு கோட்டைத்தான் வெட்ட வேண்டும், ஓரத்திலிருந்து மடிப்புகள் சந்திக்கும் இடம்வரை. ஒரு மயிரிழை தாண்டினாலும் பெட்டியின் மூலையில் ஓட்டை விழும், கல்கலின் சர்க்கரை அந்த வழியாகக் கொட்டும்.

5. வெட்டியபின் மூலைச் சதுரம் ஒரு காதுபோல நிற்கும். அதை 2.5 செ.மீ. அகலத்துக்குக் குறைத்து, மேலும் கீழும் சாய்வாகக் கத்தரியுங்கள். காது முழுசாக இருந்தால் மூலை தடித்துப்போகும், மூடி ஏறாது.

6. காதின் வெளிப்பக்கத்தில் டேப் ஒட்டி, பக்கச் சுவரின் உள்ளே வைத்து அழுத்துங்கள். முதலில் மூலையின் அடிப்பாகத்தைச் சேருங்கள், அப்புறம் மேலே வாருங்கள். மேலிருந்து ஒட்ட ஆரம்பித்தால் சுவர் சாய்ந்துவிடும். ஃபெவிகால் என்றால் மெல்லிசாகத் தடவி, காயும்வரை கிளிப் போட்டு வையுங்கள்.

ஒட்டி முடித்ததும் மேசை மேல் வைத்து ஒரு மூலையை விரலால் தட்டிப் பாருங்கள். ஆடினால் எங்கோ ஒரு காது சரியாக அடியில் உட்காரவில்லை. டேப் பிடித்து இறுகுவதற்குள் பிரித்து ஒட்டலாம், அதனால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூடி கச்சிதமாக அமைந்துவிட்டால் திறக்கும்போது உள்காற்று பிடித்துக்கொண்டு வராது. மூடியின் எதிரெதிர் இரண்டு சுவர்களின் கீழ்விளிம்பில், நடுவில், ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பாதி வட்டம் வரைந்து வெட்டிவிடுங்கள். விரல் பிடிக்க வழி கிடைக்கும். பார்க்கவும் ஒரு முடிவு வந்ததுபோல இருக்கும். இதை ஒட்டுவதற்கு முன்பே, அட்டை தட்டையாக இருக்கும்போது வெட்டுவது நல்லது.

உள்ளே நான்கு அறை

மிஞ்சிய 8 செ.மீ. பட்டையிலிருந்து 11.8 செ.மீ. நீளம், 5 செ.மீ. உயரத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றில் மேலிருந்து, மற்றதில் கீழிருந்து, சரியாக நடுவில் 2.5 செ.மீ. ஆழத்துக்குக் கீறுங்கள். கீறல் அட்டையின் தடிமனைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். ஒன்றோடு ஒன்று செருகினால் கூட்டல் குறி. பெட்டிக்குள் இறக்கினால் தானே நிற்கும், ஒட்ட வேண்டாம். ஒவ்வோர் அறையும் 6 செ.மீ. சொச்சம் குறைவு, 5 செ.மீ. கேக் துண்டு தாளில் சுற்றியபடி சுகமாக உட்காரும்.

தடுப்பு வெறும் அழகுக்கு அல்ல. கேக்கின் ஈரம் கல்கலுக்குப் போனால் கல்கல் மெத்தென்று ஆகிவிடும். கல்கலின் மொறுமொறுப்புத்தானே அதன் ருசி. கேக் இருக்கிற அறைக்கு எதிர்மூலையில் உள்ள அறையில் கல்கலை வையுங்கள். நடுவில் முந்திரிக்கொத்தும் நெய் பிஸ்கட்டும் காவல்.

பசையில்லாத மடிப்புப் பெட்டி

ஜப்பானில் அரிசி அளக்க மஸு என்று ஒரு மரப்பெட்டி உண்டு. நம் ஊர்ப் படி, உழக்குபோல. சிறிய மஸு ஒன்றில் ஏறத்தாழ 180 மில்லி பிடிக்கும். அதே வடிவத்தில் ஒரே சதுரத் தாளை மடித்துச் செய்யும் பெட்டிக்கும் அதே பெயர்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, பால்காரருக்கு, பேப்பர் போடும் தம்பிக்கு என்று நிறையப் பெட்டி வேண்டியிருக்கும்போது இதுதான் கைகொடுக்கும். குழந்தைகளை உட்கார வைத்தால் ஒரு மாலையில் முப்பது மடித்துவிடுவார்கள்.

சதுரத்தின் பக்கத்தை 0.35-ஆல் பெருக்கினால் பெட்டியின் அகலம். அதில் பாதி உயரம். 28 செ.மீ. சதுரம் எடுத்தால் 10 செ.மீ. அகலமும் 5 செ.மீ. உயரமும் உள்ள பெட்டி வரும். ஏ4 தாளில் வெட்டிய 21 செ.மீ. சதுரம் என்றால் 7.4 செ.மீ., உயரம் 3.7. ஒரு கை கல்கலுக்கு இது போதும்.

தாளின் நல்ல பக்கம் கீழே. குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை பாதியாக மடித்துப் பிரியுங்கள். நடுவில் கூட்டல் குறி விழும். நான்கு முனைகளையும் அந்த நடுப்புள்ளிக்குக் கொண்டுவந்து மடியுங்கள். இப்போது கையில் இருப்பது சின்னச் சதுரம். அதன் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் நடுக்கோட்டுக்கு மடித்து, நன்றாகத் தேய்த்து, பிரித்துவிடுங்கள். அப்புறம் இட, வல ஓரங்களையும் அப்படியே மடித்துப் பிரியுங்கள்.

இனி மேல் முனையையும் கீழ் முனையையும் முழுக்கத் திறந்து விடுங்கள். இடமும் வலமும் உள்ள முனைகள் மடிந்தபடியே இருக்கட்டும். இட, வல ஓரங்களை ஏற்கெனவே விழுந்த மடிப்பில் நேராக நிமிர்த்தினால் அதுதான் இரண்டு சுவர். திறந்து கிடக்கும் மேல் முனையைத் தூக்குங்கள். தூக்கும்போது இரண்டு பக்கமும் தாள் தானே சாய்ந்து உள்ளே மடங்கப் பார்க்கும். அந்தச் சாய்வு மடிப்பை ஆள்காட்டி விரலால் உள்ளே தள்ளிவிட்டு, முனையைச் சுவரின் மேல் போர்த்தி உள்பக்கம் இறக்குங்கள். முனை பெட்டியின் நடுப்புள்ளியில் வந்து படியும். கீழ் முனைக்கும் அதேபோல. இந்த ஓர் இடம்தான் முதல் தடவை குழப்பும். முன்னால் விழுந்த மடிப்பெல்லாம் அழுத்தமாக இருந்தால் தாளே வழி காட்டும். சொதப்பினால் தேய்த்தது போதவில்லை என்று அர்த்தம், மறுபடி தேய்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மூடிக்கும் இதே மடிப்பு. அடிப்பெட்டிக்கான சதுரத்தை மட்டும் எல்லா அளவிலும் அரை செ.மீ. குறைத்து வெட்டுங்கள். உள்ளே நான்கு முனைகள் சந்திக்கிற இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரத் தாளைப் போட்டுவிட்டால் இடுக்கில் சர்க்கரை போகாது.

உணவுக்கும் அட்டைக்கும் நடுவே

அட்டையின் மேல் பலகாரம் நேரடியாகப் படக்கூடாது. அதுவும் பத்திரிகை, காலண்டர் போன்ற அச்சிட்ட அட்டை என்றால் நிச்சயமாகக் கூடாது. செய்தித்தாளை உள்ளே விரிப்பதும் வேண்டாம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு பேக்கேஜிங் விதிமுறைகள் செய்தித்தாளில் உணவு பொதிவதைத் தடுக்கின்றன, காரணம் அச்சு மை. எண்ணெய்ப் பலகாரம் மையை இழுத்துக்கொள்ளும்.

பட்டர் பேப்பர்தான் சரி. கேக் துண்டைத் தனித்தனியாக இரண்டு சுற்றுச் சுற்றி, ஓரத்தை மருந்துக்கடைப் பொட்டலம்போல மடித்துச் செருகுங்கள். கல்கலையும் அச்சு முறுக்கையும் உணவுக்கான பாலிதீன் உறையிலோ செலோபேன் உறையிலோ போட்டு வாயை ஒட்டியபின் பெட்டியில் வைக்க வேண்டும். காகிதம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். வடகிழக்குப் பருவமழை டிசம்பர்வரை நம்மை விடாது. வெறும் காகிதப் பெட்டியில் வைத்த கல்கல் ஒரே ராத்திரியில் நமத்துவிடும்.

ஒரு வருடம் நேரமில்லை என்று வெதுவெதுப்பாக இருக்கும்போதே கல்கலை அடைத்துவிட்டேன். பெட்டிக்குள் வேர்த்து, சர்க்கரை கரைந்து, மூடியின் உள்பக்கம் எண்ணெய் திட்டுத் திட்டாக ஏறியிருந்தது. ஒன்பது பெட்டியையும் பிரித்துக் கொட்டி, மறுநாள் புதிதாகச் சுட வேண்டி வந்தது. பொரித்தது முழுக்க ஆற வேண்டும், கேக் ஒரு ராத்திரி ஆற வேண்டும். கையால் தொட்டால் ஆறினது போலத்தான் தெரியும். நடுவில் இருப்பதைப் பிட்டு உதட்டில் வைத்துப் பாருங்கள், உதட்டுக்குத்தான் சூடு சரியாகத் தெரியும்.

அட்டைக்கும் ஈரம் எதிரிதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் மறக்க முடியாது. எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை, ஆனால் பெட்டிக்கென்று வெட்டி அடுக்கி வைத்திருந்த அட்டை முழுவதும் ஈரம் குடித்து ஓடுபோல வளைந்துவிட்டது. அன்றிலிருந்து, வெட்டி வைக்கும் அட்டையை பாலிதீன் உறையில் கட்டி, மேலே அம்மி மாதிரி ஏதாவது கனமான சாமானை வைத்துவிடுகிறேன். வளைந்த அட்டையை நிமிர்த்த வேண்டுமானால் இரண்டு துணிக்கு நடுவே வைத்து, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் ஒருமுறை ஓட்டலாம்.

அலங்காரம்

ஜிகினா வேண்டாம். எத்தனை பசை போட்டு ஒட்டினாலும் உதிரும், பலகாரத்தில்தான் போய் உட்காரும். மூடியின் விளிம்பு வரை எதையும் ஒட்டாதீர்கள், பெட்டியின் மேல் ஏறி இறங்கும்போது உரசிப் பிய்ந்துவிடும். இந்த இரண்டையும் தவிர்த்தால் மற்றதெல்லாம் உங்கள் விருப்பம்.

எனக்குப் பிடித்தது இரண்டு. முதலாவது ஊசிக்கோபுரம். பாளையங்கோட்டைக்கு வந்தவர்கள் முருகன்குறிச்சியில் அந்தத் தேவாலயத்தின் ஒல்லியான கோபுரத்தைப் பார்க்காமல் போயிருக்க மாட்டார்கள். கரும்பச்சைத் தாளை நெடுக்கே பாதியாக மடித்து, மடிப்பை ஒட்டிக் கோபுரத்தின் பாதி உருவத்தை வரைந்து வெட்டினால், பிரிக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். வெள்ளை மூடியில் அதை ஒட்டிவிட்டு, மேலே ஒரு சின்ன நட்சத்திரம். உங்கள் ஊரில் உங்கள் கோபுரம் இருக்கும், அதை வெட்டுங்கள். கடையில் விற்கும் பனிமனிதனைவிட அது நமக்கு நெருக்கம்.

இரண்டாவது கோலம். கிறிஸ்துமஸ் வருவது மார்கழியில். தேவாலயத்துக்கு விடியற்காலையில் நடந்துபோகும்போது தெரு முழுக்கக் கோலமும் பரங்கிப்பூவும்தான். கரும்பழுப்பு கிராஃப்ட் அட்டையில் 12 செ.மீ. மூடிக்கு ஐந்து புள்ளி ஐந்து வரிசை, புள்ளிக்குப் புள்ளி 2 செ.மீ. வெள்ளை ஜெல் பேனாவால் சிக்குக்கோலம் ஒன்று போடுங்கள். மை ஆறும்வரை கை படக்கூடாது, அதனால் மேலே இடது மூலையில் ஆரம்பியுங்கள். இடதுகைக்காரர்கள் வலது மூலையில். கையெடுக்காமல் இழுத்தால்தான் கோடு உயிரோடு இருக்கும். அடித்துத் திருத்த முடியாத வேலை, முதலில் சிலேட்டில் இரண்டு தடவை பழகிக்கொள்ளுங்கள்.

கட்டுவது

ரிப்பன் விலை அதிகம், கட்டினால் வழுக்கும். நான் வாழைநார்தான் பயன்படுத்துகிறேன். பூக்காரம்மாவிடம் கேட்டால் ஒரு கட்டுக் கொடுப்பார்கள். பூக்கட்டுவதற்கு நனைப்பதுபோல நனைத்து, துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நாரின் சொரசொரப்புப் பக்கம் உள்ளே இருக்கும்படி பெட்டியைச் சுற்றி நான்கு பக்கமும் கொண்டுவந்து மேலே முடியுங்கள். காய்ந்தபின் முடிச்சு இறுகிவிடும். ஈரம் சொட்டச் சொட்டக் கட்டினால் அட்டையில் கறை பிடிக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முடிச்சில் ஒரு துண்டு அட்டையைக் கோத்து, உள்ளே என்ன இருக்கிறது, முட்டை சேர்த்ததா, எந்தத் தேதியில் செய்தது என்று எழுதிவிடுங்கள். அச்சு முறுக்கிலும் கேக்கிலும் முட்டை இருக்கும். மார்கழி விரதம் இருக்கிற வீடுகளுக்கும், முட்டை சேர்க்காதவர்களுக்கும் அது தெரியவேண்டும். அப்படிப்பட்ட வீடுகளுக்கு நான் முந்திரிக்கொத்தும் முட்டை சேர்க்காத கல்கலும் மட்டும் தனிப் பெட்டியில் வைப்பேன்.

வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் வாரத்தில் வெட்டி, கோடு அழுத்தி, தட்டையாகவே அடுக்கி வைக்கலாம். ஒட்டுவது 20-ஆம் தேதிக்கு மேல் போதும். ஒட்டின பெட்டி இடத்தை அடைக்கும். ஃபெவிகாலின் வாடை போக இரண்டு நாள் திறந்து வையுங்கள். அடைப்பது 24 சாயங்காலம். பஸ்ஸில் ஊருக்குக் கொண்டுபோவதானால் பெட்டிகளை நிமிர்த்தியபடி துணிப்பையில் அடுக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் வேண்டாம், கனமானது அடியில், அச்சு முறுக்கு உச்சியில்.

பெட்டி செய்ய ஆரம்பித்த இரண்டாவது வருடம் எதிர்வீட்டு ஆச்சியிடம் ஒரு பெட்டி கொடுத்தேன். பொங்கலுக்கு மறுநாள் அதே பெட்டி எள்ளுருண்டையோடு திரும்பி வந்தது, என் வாழைநாரே அவிழ்த்துப் பத்திரமாக மறுபடி கட்டியிருந்தது. "ஏட்டி, பொட்டிய நான் வச்சுக்கிடலாம்னுதான் பார்த்தேன். ஆனா வெறும் பொட்டியா வீட்டுல இருந்தா நல்லாருக்காதுல்லா, அதான் நிறைச்சுக் கொண்டாந்தேன். உருண்டையத் தின்னுட்டுப் பொட்டியத் திருப்பிக் கொடுத்துரு" என்றார்கள். அடுத்த நாளே கொடுத்துவிட்டேன். இப்போது அதில் ஆச்சியின் ஊசியும் நூலும் இருக்கிறது.